கழுவின பாட்டிலும் கலங்காத சீரமும்

செங்கல்பட்டு ஆய்வுக்கூடத்தில் அப்பா என்னதான் செய்தார் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம், "பாட்டில் கழுவினேன்" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவேன். அது பொய் இல்லை. ஆனால் அந்தப் பாட்டிலுக்குள் என்ன நடந்தது, அது ஒரு தடவை என் பிழைப்புக்கே எப்படி உலை வைக்கப் பார்த்தது என்று சொன்னதில்லை. வேலை முடிந்து வந்தால் பேசவும் தெம்பு இருக்காது. இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். எட்டாவது படித்தவன் எழுதுவது. விஞ்ஞானத்தில் எங்காவது தடுக்கினால் விவரம் தெரிந்தவர்களைக் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

அது எண்பதுகளின் தொடக்கம். இரண்டு வருஷமாக ஐப்பசி மழை ஏமாற்றியிருந்தது. உத்திரமேரூர் ஏரிக்குள் மாட்டு வண்டி ஓட்டலாம், அப்படி வெடித்துக் கிடந்தது. நடவு இல்லை, களை இல்லை, அறுப்பும் இல்லை. கூலிக்குப் போய்ப் பிழைக்கிற நம் தெருவில் ஆம்பளைகள் ஒவ்வொருவராகச் செங்கல் சூளைக்கும் மெட்ராஸுக்கும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் அந்தக் கால்நடை ஆய்வுக்கூடத்தில் தினக்கூலி வேலை இருந்தது. நீங்கள் மூவரும் சின்னப் பிள்ளைகள். அந்த வேலை போனால் நம் வீட்டில் அடுப்பு எரியாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மானாம்பதி சாலையில் இருக்கிற நம் ஊரிலிருந்து உத்திரமேரூர் வரைக்கும் நடை. அங்கே செங்கல்பட்டு பஸ். உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவேன். கண்டக்டர் தோளைத் தட்டி, "யோவ் பாட்டிலு, எறங்கு" என்பார். பஸ்ஸில் எனக்கு அதுதான் பெயர்.

அந்தக் கூடத்தில் கன்றுக்குட்டியின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்களைத் தட்டையான கண்ணாடிப் பாட்டிலில் வளர்ப்பார்கள். பாட்டிலைப் படுக்க வைத்து, ரோஜா நிறத்தில் ஒரு தண்ணீர் ஊற்றி, உடம்புச் சூடு உள்ள பெட்டியில் வைத்துவிட்டால் செல்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பெருகும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. பாட்டிலைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் பாலாடை படிந்த மாதிரி ஒரு மங்கல் தெரியும், அவ்வளவுதான். அந்த ரோஜாத் தண்ணீர் மட்டும் போதாது. அதில் கன்றின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரத்தையும் கொஞ்சம் கலக்க வேண்டும். ரத்தத்தை உறைய விட்டால் மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்குமே, அதுதான் சீரம். செல்லுக்கு வளர வேண்டும் என்ற எண்ணத்தையே அதுதான் கொடுக்கிறது என்று மேடம் சொல்வார்.

மேடம் என்றால் அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பெண். தெற்கத்திக்காரர். என்னை "அண்ணே" என்று கூப்பிடுவார். ஒரு நாள் நான் பாட்டில் தட்டைக் கொண்டுபோய் வைத்தபோது, "இதுக்குள்ள அப்படி இன்னாதான் மேடம் தேடுறீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாமோ என்று நினைத்தேன். ஆனால் அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உடம்புன்னா ஒரு தடவ கட்டிட்டு அப்படியே நிக்கிற கட்டடம் இல்லண்ணே. செல்லு புரதத்தக் கட்டும், கட்டுனத இடிக்கும், இடிச்சதுல வந்த செங்கல்ல வச்சே மறுபடி கட்டும். கட்டுறதப் பத்தித்தான் எல்லாரும் படிக்கிறாங்க. நான் இடிக்கிறதப் பாக்குறேன்."

"நல்லாக்கீற வீட்ட எதுக்கு இடிக்கணும்?"

"அததான் பாக்குறேன். நல்லா வளர்ற செல்லு கம்மியா இடிக்கும். இடமில்லாம நெருக்கியடிச்சு வளர்ச்சி நின்னுபோச்சுன்னா கொஞ்சம் கூட இடிக்கும். சாப்பாடு குறஞ்சா ரொம்ப இடிக்கும். உள்ளுக்குள்ள சின்னச் சின்னப் பை இருக்கு, வயிறு மாதிரி. பசி வந்தா அந்தப் பை தன்னோட சொந்தச் சதையையே முழுங்கும்."

எனக்குச் சட்டென்று நம் தெரு ஞாபகம் வந்தது. "வைக்கோல் இல்லாத வருசத்துல கூரையைப் பிரிச்சி மாட்டுக்குப் போடுவோமே மேடம், அந்த மாதிரியா?" என்றேன். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நிஜமாவா பிரிப்பீங்க?" என்று கேட்டார். நிஜம்தான் என்றேன். அந்த வருஷமே நம் தெருவில் இரண்டு கூரை பிரிந்து கிடந்தது.

அவர் செய்த முறையையும் சொல்கிறேன். அடையாளம் போட்ட ஒரு சத்தைச் செல்களுக்கு முதலில் ஊட்டுவார். செல் அதை எடுத்துத் தன் சதையில் சேர்த்துக்கொள்ளும். பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடையாளம் இல்லாத சாதாரணத் தண்ணீரை ஊற்றுவார். அப்புறம் எவ்வளவு அடையாளம் அந்தத் தண்ணீரில் திரும்ப வருகிறதோ அவ்வளவு இடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். அடையாளத்தில் கதிர்வீச்சு இருக்கிறதாம். அதனால் அந்தப் பாட்டில்களை மட்டும் கையுறை போட்டுத் தனித் தொட்டியில் கழுவுவேன்.

கழுவுவது சுலபம் என்று நினைக்காதீர்கள். குளோரின் தண்ணீரில் ஊறப் போட வேண்டும். சோப்புத் தண்ணீரில் கொதிக்க விட வேண்டும். பிரஷ் போட்டு மூலை மூலையாகத் தேய்க்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் கை மரத்துப்போகும் வரை அலசி, கடைசியில் காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசிக் கவிழ்க்க வேண்டும். அதன் பிறகு காகிதம் சுற்றி அடுப்புச் சூட்டில் வைப்பது. ஒரு துளி சோப்பு கண்ணாடியில் ஒட்டியிருந்தாலும் செல்லுக்கு விஷம். எனக்கு முன்னால் இந்த வேலை பார்த்த பெரியவர் ரிட்டயராகிப் போன பிறகுதான் முழு வேலையும் என் கைக்கு வந்திருந்தது.

அதே சமயத்தில்தான் மேடத்தின் கணக்கு கெட ஆரம்பித்தது. போன வருஷம் நன்றாகத் தின்னக் கொடுத்த செல்கள் கொஞ்சமாகத்தான் இடித்தன. இப்போது அதே செல், அதே அளவு சாப்பாடு, ஆனால் பட்டினி போட்ட மாதிரி இடிக்கின்றன. பட்டினி போட்ட பாட்டிலுக்கும் ஊட்டின பாட்டிலுக்கும் வித்தியாசமே தெரியாமல் போய்விட்டது. வித்தியாசம் இல்லை என்றால் ஆராய்ச்சியே இல்லை.

அந்தக் கூடத்தின் தலைவரை நாங்கள் சார் என்போம். தங்கமான மனிதர், ஆனால் பேச்சைச் சுற்றி வளைக்க மாட்டார். கழுவும் இடத்துக்கே வந்துவிட்டார்.

"என்னப்பா, சோப்பு போக அலசுறியா?"

"அலசுறேன் சார்."

"கிணத்துத் தண்ணி உப்பாயிடுச்சு, தெரியுமா?"

"தெரியும் சார். நுரையே வர மாட்டேங்குது. அதனால கூட ரெண்டு தடவ அலசுறேன்."

"நுரை வரலன்னு சோப்ப அதிகம் போடுறியா?"

கொஞ்சம் அதிகம் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். நுரை வராவிட்டால் எப்படித் தேய்ப்பது?

அவர் ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பழைய ஆள் இருந்த வரைக்கும் இந்தப் பிரச்சின வந்ததில்ல. பொங்கல் வரைக்கும் பாப்போம். அப்பவும் செல்லு இப்படியே கரைஞ்சா நான் வேற ஆளத்தான் பாக்கணும். தப்பா எடுத்துக்காத."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆள் மாறியது, தண்ணீர் மாறியது, செல் கெட்டது. எல்லாம் ஒரே நேரத்தில்.

அன்றிலிருந்து நான் கழுவிய மாதிரி யாரும் பாட்டில் கழுவியிருக்க மாட்டார்கள். சோப்பைப் பாதியாகக் குறைத்தேன். அலசியதையே மறுபடி அலசினேன். சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் துணி விரித்த மாதிரி சீராக வழியும். அழுக்கு இருந்தால் முத்து முத்தாக நிற்கும். ஒவ்வொரு பாட்டிலையும் அப்படிப் பார்த்துப் பார்த்துக் கவிழ்த்தேன். விரல் இடுக்கில் தோல் வெடித்து, சோற்றில் கை வைத்தால் எரிந்தது. உங்கம்மா ஸ்பூன் ஒன்று வாங்கி வைத்தாள். ஆனாலும் மேடத்தின் கணக்கு இறங்கவில்லை. ஒவ்வொரு வாரமும் அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வேன்.

"பாட்டில்தான் காரணமா மேடம்?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியலண்ணே. இல்லன்னு சொல்லவும் என்கிட்ட ஒண்ணும் இல்ல."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் தெரியவில்லை. என் கையை நானே நம்பாமல் போனதுதான் அந்த மாதங்களில் பெரிய அலுப்பு.

இப்போது சீரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை நம் பக்கத்து ஊர்களில்தான் கன்றுகளிடம் ரத்தம் எடுப்பார்கள். கொல்வது கிடையாது. கழுத்து நரம்பில் ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். கம்பவுண்டர் வந்து எடுப்பார். எந்தக் கன்று என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு, உள்ளூர்க்காரன் என்பதால். வயிறு நிறைந்த, கண் தெளிவான கன்றாகப் பார் என்று சார் சொல்லியிருந்தார். ரத்தம் கொடுத்த கன்றின் சொந்தக்காரருக்குக் கூடத்திலிருந்து கடலைப் புண்ணாக்கு கொடுப்போம். நல்ல வருஷத்தில் கூப்பிட்டாலும் யாரும் கன்றை ஓட்டிக்கொண்டு வர மாட்டார்கள். அந்த வருஷம் நாங்கள் போவதற்கு முன்னாலேயே புளியமரத்தடியில் வரிசையாகக் கட்டியிருந்தார்கள். எல்லாக் கன்றுக்கும் வயிறு பானை மாதிரி இருந்தது.

அந்தச் சீரத்தைக் கூடத்தில் எல்லோரும் மெச்சினார்கள். முன்பெல்லாம் கொழுப்பு மிதந்து கொஞ்சம் கலங்கலாக இருக்கும். வடிகட்டுவதற்குள் உயிர் போகும். இது சுத்தமாகத் தெளிந்து, எதிர்ச் சுவரில் இருக்கிற எழுத்தைப் பாட்டில் வழியாகவே படிக்கலாம் போல் இருந்தது. கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. செல் சாகிறதா என்று பார்த்தார்கள், சாகவில்லை. நல்ல சீரம் என்று எடுத்து வைத்துவிட்டார்கள். நானும் பெருமையாக, "எங்க ஊரு கன்னுங்க சார்" என்றேன்.

மார்கழியில் ரத்தம் எடுக்கிற ஒரு நாளில் மேடமும் எங்களோடு ஜீப்பில் வந்தார். கூடத்துக்குள்ளேயே உட்கார்ந்து உட்கார்ந்து பைத்தியம் பிடிக்கிறது, கன்றையாவது பார்க்கிறேன் என்றார். மரத்தடியில் முதல் கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன் உங்கள் மாமன், உங்கம்மாவின் தம்பி. அந்த வருஷம் அவனுக்கு மிஞ்சியது ஒரு பசுவும் அந்தக் கன்றும்தான். வேடிக்கையாகப் பேசுவான், இடம் பொருள் பார்க்க மாட்டான்.

மேடம் கன்றின் முதுகைத் தடவினார். கை முதுகெலும்பில் தடக் தடக்கென்று ஏறி இறங்கியது. பிறகு வயிற்றைப் பார்த்தார்.

"முதுகு இப்படி ஒட்டிக் கிடக்கு, வயிறு மட்டும் எப்படி இவ்வளவு பெருசா இருக்கு?"

"அதுவா? தண்ணிம்மா" என்றான் மாமன். "காத்தால உப்பக் கரைச்சி வச்சா ஒரு கொடம் இஸ்து குடிச்சிடும். கொஞ்சம் தவுடு தூவுனா ஒண்ணர கொடம். சந்தைக்கு ஓட்டிக்கினு போசொல்ல எல்லாரும் பண்றதுதான்."

"இங்க ஒண்ணும் சந்தை இல்லையே?"

"சந்த இல்லாட்டி இன்னா, மாமா வந்து வவுத்தத்தான பாக்குறாரு. ஒல்லிக் கன்னுன்னா இது வாணாம்னு பூடுவாரு. அப்பால புண்ணாக்குக்கு நான் எங்க போறது? என்னா மாமா, நான் சொல்றது?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு பெண், "எங் கன்னப் பாரும்மா, அதுக்கு ரெண்டு கொடம், சினைன்னே நெனச்சிக்குவீங்க" என்றாள். மறுபடி சிரிப்பு.

மேடம் சிரிக்கவில்லை. "கன்னு தீனி தின்னு எத்தன நாளாச்சு?" என்று கேட்டார்.

"தீனின்னா? வைக்கோலா? அத்த நாங்க பாத்தே நாளாச்சி. பால வுட்டா எங்களுக்கு இன்னா கீது? ஒரு காம்புதான் வுடுறேன். புண்ணாக்கு குடுக்குற அன்னிக்கித் துன்னும், அப்பால ஒரு வாரம் அந்த வாசனையே மோந்துக்கினு கெடக்கும்."

சந்தைக்குப் போகிற மாட்டுக்கு உப்புத் தண்ணீர் காட்டுவது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ரத்தம் கொடுக்க வருகிற கன்றுக்கும் காட்டுவார்கள் என்று தோன்றவே இல்லை. ரத்தத்தை யாராவது வயிற்றைப் பார்த்து வாங்குவார்களா என்று நீங்கள் கேட்கலாம். நாங்கள் வாங்கினோம்.

வேலை முடிந்து ஜீப்பில் ஏறினோம். ஊர் தாண்டியதும் மேடம் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, பட்டினி கிடக்கிற கன்னோட ரத்தத்துல வளரச் சொல்றதுக்கு எதுவும் இருக்காது. அந்தச் சீரம் தெளிவா இருந்ததே அதனாலதான், கொழுப்பே இல்ல. நான் செல்லுக்குச் சாப்பாடு போட்டுட்டோம்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன். செல்லு பட்டினின்னு நெனச்சு இடிச்சுக்கிட்டு இருக்கு. உங்க பாட்டில்ல ஒரு தப்பும் இருக்காதுன்னு நெனைக்கிறேன். சோதிச்சுப் பாத்துச் சொல்றேன்."

எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? முதலில் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அடுத்த மூச்சிலேயே புண்ணாக்கு ஞாபகம் வந்தது. பட்டினிக் கன்றின் ரத்தம் ஆகாது என்றால் பட்டினிக் கன்றுக்குப் புண்ணாக்கும் கிடையாது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வயல்களில் ஆடுகூட மேயவில்லை.

வீட்டுக்கு வந்து உங்கம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"ந்தா, அப்ப எந் தம்பி கன்னுக்கு?"

"இன்னும் ஒண்ணும் முடிவாவல."

"முடிவாவறதுக்கு இன்னா கீது? உன் பாட்டிலு சுத்தம்னு ஆவணும்னா அவன் கன்னு பட்டினின்னு ஆவணும். அதான?"

"நானா பட்டினி போட்டேன்?"

"நீ போடல. யாருதான் போட்டாங்க?" என்று சொல்லிவிட்டு மறுபடி பொறுக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "மேடத்துகிட்ட போயி சோதன வாணாம்னு சொல்லிடப் போற. வேலயப் பாரு. மூணு புள்ளிங்க கீது" என்றாள்.

மறு நாளே மேடம் சோதனையைத் தொடங்கினார். மழை நன்றாகப் பெய்த வருஷத்தின் சீரம் ஒரே ஒரு பாட்டில் உறைபெட்டியின் அடியில் மிஞ்சியிருந்தது. நான் கழுவிய பாட்டில்களில் ஒரே தட்டை எடுத்துக்கொண்டார், வேறு யார் கையும் படாதது. பாதிக்குப் பழைய சீரம், பாதிக்குப் புதுச் சீரம். சில பாட்டில்களுக்கு இரண்டையும் கலந்து ஊற்றினார். என் பிழைப்பு அந்தத் தட்டில் படுத்துக் கிடந்தது. சூட்டுப் பெட்டிக் கதவைக் கடக்கும்போதெல்லாம் ஒரு தடவை நிற்பேன். திறக்கக் கூடாது, திறந்தால் சூடு இறங்கிவிடும். சும்மா நின்றுவிட்டுப் போவேன்.

சீரம் காரணம் இல்லை என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்று பஸ்ஸில் யோசிப்பேன். சூளைக்குப் போகலாம். முதுகு தாங்காது. மெட்ராஸ் போனால் உங்களை யார் பார்ப்பது? யோசித்துக்கொண்டே தூங்கிவிடுவேன். கண்டக்டர் தட்டுவார்.

பொங்கலுக்கு முந்தின வாரம் மேடம் கழுவும் இடத்துக்கு வந்தார். கையில் ஒரு கட்டம் போட்ட தாள். மூன்று கோடு வரைந்திருந்தார்.

"இது பழைய சீரம், பாருங்க, கீழயே போகுது. கம்மியாத்தான் இடிச்சிருக்கு. இது புதுசு, மேல ஏறுது. கலந்தது நடுவுல. எல்லாமே நீங்க கழுவின பாட்டில்தான்."

எனக்குக் கோடு புரிந்தது. ஈரக் கையோடு தாளைத் தொடப் போனேன். "நனைஞ்சிரும்ணே" என்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அந்தப் பட்டினிச் செல்லுக்கு மறுபடி நல்ல சீரம் ஊத்துனா இடிக்கிறது நிக்குமா மேடம்?"

"சீக்கிரமே குறைஞ்சுரும். ரொம்ப நாள் தாமதிக்காம ஊத்துனா."

சார் அன்று மாலை அந்தப் பக்கம் வந்தவர், "பாட்டில்ல குத்தம் இல்லப்பா. நீ பாட்டுக்குப் பாரு" என்றார். அவ்வளவுதான். போனவர் திரும்பி நின்று, "சோப்பக் குறைச்சது நல்லதுதான், அப்படியே வச்சுக்க" என்றார். எனக்கு அது போதும். தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை எல்லாம் வரவில்லை. இரண்டு மாதத் தூக்கம் மொத்தமாக வந்தது.

அடுத்து நடந்ததும் நான் பயந்த மாதிரியே நடந்தது. இனிமேல் ரத்தம் தீனி போட்டு வளர்க்கிற ஒரு பண்ணையிலிருந்து வரும் என்று சார் முடிவு செய்தார். அதைக் குறை சொல்ல முடியாது. ஆராய்ச்சிக்கு அதுதான் சரி. நம் பக்கத்து ஊர்களுக்கு ஜீப் போகாது. "நீயே சொல்லிடு, உன் ஊருதானே" என்றார்.

சொன்னேன். பால் சொசைட்டி வாசலில் வைத்துத்தான் சொன்னேன். ஒருவர், "ஏன், எங்க கன்னு ரத்தம் செவப்பா இல்லியா?" என்றார். இன்னொருவர், "உத்தியோகக்காரரு வேலயக் காப்பாத்திக்கினாரு, நம்ம கன்னுங்க இன்னாத்துக்கு" என்றார். உண்மை அதுதான். உங்கள் மாமன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கூடத்துக் கிடங்கில் நம் ஊர்களுக்கென்று வாங்கி வைத்த புண்ணாக்கு கொஞ்சம் மிச்சம் இருந்தது. அடுக்கின இடத்தில் அப்படியே கிடந்தது. ஒரு வாரம் அதைப் பார்த்துக்கொண்டே போய் வந்தேன். பிறகு சாரிடம் போனேன். அவரிடம் நானாக எதுவும் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ரத்தம் எடுக்காம எப்படிப்பா குடுக்கிறது?" என்றார்.

"எடுத்தாச்சே சார். போன மாசங்கள்ல எல்லாம் எடுத்தோமே. அது ஆகாத ரத்தம்னு நமக்குத்தான தெரியாது, அவங்க குடுத்துட்டாங்க."

சார் பேனாவை மூடிவைத்தார். மேடம் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "வண்டு விழ ஆரம்பிச்சிடுச்சு. இருந்தா எலிதான் தின்னும். எடுத்துக்கிட்டுப் போ" என்றார் சார். ஜீப் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பஸ் கூரையில் ஏற்றினேன். கண்டக்டர், "இன்னா பாட்டிலு, இன்னிக்கி மூட்டையா?" என்றார். புளியமரத்தடியில் இறக்கிப் பிரித்தபோது ஆளுக்கு மிகக் கொஞ்சம்தான் வந்தது. ஒரு கன்றுக்குச் சில நாள் ஓடும், அதற்கு மேல் இல்லை. வாங்கியவர்கள் என் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு போனார்கள்.

உங்கள் மாமன் கடைசியாக வந்தான். கன்றையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தான். அன்றைக்கு அதன் வயிறு ஒட்டிக் கிடந்தது. தண்ணீர் காட்டவில்லை.

"ரத்தம் எடுக்க ஆளு வர்லியா மாமா?"

"வர மாட்டாங்க."

"அப்ப இது?"

"சும்மாதான். எடுத்துக்கோ."

"சும்மா எவன் குடுப்பான்?" என்று புண்ணாக்கை முகர்ந்து பார்த்தான். "கெட்டுப்போன சரக்கா?"

"வண்டு கொஞ்சம் கீது. ஊற வச்சி எடுத்துட்டுப் போடு."

அவன் ஊற வைக்கவில்லை. ஒரு துண்டைக் கல்லில் வைத்து உடைத்து, உள்ளங்கையில் வைத்து அங்கேயே நீட்டினான். கன்று நக்கி நக்கித் தின்றது. கை காலியான பிறகும் விரல்களை விடவில்லை. அவனும் கையை இழுத்துக்கொள்ளாமல் நின்றான்.

"மாசி வரைக்கும் தாங்குமா மாமா இந்தக் கன்னு?"

"தெரியலடா" என்றேன்.

சாக்கை உதறி மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். மறு நாள் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.